மீன் தொட்டியும் விரல் கட்டியும்

வலது ஆள்காட்டி விரல் முட்டியில் சின்னதாக ஒரு சிவப்புக் கட்டி. கொசுக்கடி என்று விட்டுவிட்டேன். இரண்டு வாரத்தில் பட்டாணி அளவுக்கு வந்தது. வலி அவ்வளவாக இல்லை, காய்ச்சலும் இல்லை. நகச்சுத்தி என்று முடிவு கட்டிய அம்மா, எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் செருகிவிட்டார். கட்டி நகத்திலேயே இல்லையே என்றால் கேட்டால்தானே!

தெருமுனை கிளினிக்கில் ஏழு நாள் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், கேட்கவில்லை. இன்னொரு இடத்தில் வேறு மாத்திரை, அதுவும் கேட்கவில்லை. அப்புறம் புறங்கையில் ஒன்று, மணிக்கட்டுக்கு மேல் ஒன்று என்று கட்டிகள் வரிசையாக ஏற ஆரம்பித்ததும்தான் பயம் வந்தது.

மூன்றாவதாகப் பார்த்த தோல் டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வீட்ல மீன் வளர்க்கிறீங்களா?" என்றார். கொளத்தூரில் வாங்கிய கப்பியும் ஃபைட்டருமாக நான்கு தொட்டி வைத்திருக்கிறேன். கட்டி வருவதற்கு மூன்று வாரம் முன்பு, சரளைக்கல்லை அள்ளும்போது கண்ணாடி விளிம்பு அதே முட்டியைக் கீறியது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

கிருமியின் பெயர் மைக்கோபாக்டீரியம் மரைனம். 1926இல் ஃபிலடெல்ஃபியா மீன் காட்சியகத்தில் செத்த மீன்களில் கண்டுபிடித்ததாம்.

"டிபியா டாக்டர்?"

"அதுக்குப் பங்காளி. ஆனா வீட்ல யாருக்கும் ஒட்டாது."

கட்டியிலிருந்து துளி சதை எடுக்கும் பயாப்சிக்கு மரத்துப்போக ஊசி, இரண்டு தையல். லேப் சீட்டில் டாக்டர் '30 டிகிரி' என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார். வழக்கம்போல 37 டிகிரியில் மட்டும் வைத்தால் இந்தக் கிருமி சரியாக வளராதாம். உடம்பின் உள்சூடு ஒத்துக்கொள்ளாததால்தான் விரல், கை என்று குளிர்ந்த இடமாகப் பார்த்து உட்கார்கிறது. திசுப் பரிசோதனையில் கிரானுலோமா, அதாவது நோய் எதிர்ப்பு செல்கள் திரண்ட முடிச்சு, என்று மட்டும் வந்தது. லேபில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்சரில் அது தெரிய ஐந்து வாரம் ஆனது.

அதற்குக் காத்திராமல் கிளாரித்ரோமைசினும் எதாம்புடாலும் தொடங்கிவிட்டார்கள். எதாம்புடால் பார்வையைப் பாதிக்கலாம் என்று முதலிலேயே கண் டாக்டரிடம் நிறப் பரிசோதனை. கிளாரித்ரோமைசின்தான் படுத்தியது, காலைக் காபி இரும்பைக் கரைத்த மாதிரி இருந்தது. மூன்றாம் மாதம் கட்டிகள் அமுங்கின. சரி, முடிந்தது என்று நினைத்தால் மேலும் இரண்டு மாதம் சாப்பிடச் சொன்னார்.

இரண்டு தொட்டிகளைக் கொடுத்துவிட்டேன். மீதி இரண்டைக் கழுவும்போது முழங்கை வரை ரப்பர் கையுறை. ஃபைட்டருக்குத்தான் அது பிடிக்கவில்லை. நீலக் கை உள்ளே வந்தாலே செவுளை விரித்துக்கொண்டு சண்டைக்கு வருகிறது.