நல்ல தண்ணீரும் பரமீசியத்தின் துடிப்பும்

எங்கள் வீட்டுச் சன்னலோரத்தில் பத்து லிட்டர் கொள்ளும் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. அதில் மீன் கிடையாது. வருகிறவர்கள் குனிந்து தேடிவிட்டு, "மீன் செத்துப்போச்சா?" என்று இரக்கத்தோடு கேட்பார்கள். ஊருணியிலிருந்து ஒரு குடம் தண்ணீரும் ஒரு பிடி வேலம்பாசியும் கொண்டுவந்து நான் அதை நிரப்பியதே கண்ணுக்கு எளிதில் அகப்படாத உயிர்களுக்காகத்தான். கப்பி மீன் இரண்டை விட்டால்கூட, நான் பார்க்க விரும்புகிறவற்றுள் பாதி அவற்றின் வயிற்றுக்குள் போய்விடும்.

முதலில் தென்பட்டவை சைக்ளாப்ஸ்கள்: நெற்றியில் ஒற்றைக் கண்ணும், பெண்ணாக இருந்தால் வாலின் இருபுறமும் முட்டைப் பைகளுமாகத் துள்ளித் துள்ளி நீந்துபவை. என் அப்பத்தா ஊருணித் தண்ணீரைக் குடத்தில் ஊற்றும்போது வேட்டித் துணியை நான்காக மடித்துக் கட்டியது இவற்றைத் தடுக்கத்தான் என்பது வெகுகாலம் கழித்தே எனக்குப் புரிந்தது. நரம்புச் சிலந்திப் புழுவின் இளம் பருவம் சைக்ளாப்சின் உடலுக்குள் இருந்தபடியேதான் குடிப்பவரைச் சென்றடைந்தது. 2000-ஆம் ஆண்டில் இந்தியா நரம்புச் சிலந்தி நோய் நீங்கிய நாடாக அறிவிக்கப்பட்டது.

ஆனால் என்னை நெடுநேரம் உட்கார வைத்தது பரமீசியம் என்னும் ஒற்றைச் செல் உயிர். கால் மில்லிமீட்டர் நீளமே உள்ள அது நில்லாமல் ஓடுவதால், சொட்டுத் தண்ணீரில் பஞ்சு இழைகள் சிலவற்றைப் பிரித்துப் போட்டு, அவற்றுக்கிடையே சிக்கி நிற்கும் ஒன்றை 400 மடங்கு பெருக்கத்தில் பார்க்க வேண்டும். அப்போது உடலின் இரு முனைகளுக்கு அருகிலும் சுருங்கும் நுண்குமிழ் ஒவ்வொன்று தெரியும். விண்மீன் கதிர்கள் போன்ற வாய்க்கால்கள் நிறைந்து, நடுக்குமிழ் உப்பி, சட்டென்று காலியாகும். நன்னீரைவிட அதன் உடலுக்குள் உப்பு மிகுதி என்பதால் வெளித் தண்ணீர் ஓயாமல் உள்ளே ஊறுகிறது. கசியும் வத்தைப் படகில் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருப்பதுபோல் அது இறைக்காவிட்டால் உடல் வீங்கி வெடித்துவிடும்.

எங்கள் கடலோர ஊரான தேவிபட்டினத்தில் நல்ல தண்ணீர் வேறு, உப்புத் தண்ணீர் வேறு. சென்ற வைகாசியில் தொட்டித் தண்ணீர் நான்கு விரற்கடை வற்றியபோது, ஊருணியும் வறண்டு கிடந்ததால், உப்புக் கரிக்கும் ஆழ்குழாய்த் தண்ணீரை ஊற்றி ஈடுகட்டினேன். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, அதிலிருந்த உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும் என்பதையும் அப்போது எண்ணவில்லை. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், முன்பு பத்துப் பன்னிரண்டு வினாடிக்கு ஒருமுறை சுருங்கிய குமிழ் இருபத்தைந்து வினாடி வரை காத்திருந்தது. வெளியே உப்பு கூடினால் உள்ளே ஊறும் தண்ணீர் குறையும்; இறைக்கும் வேலையும் குறையும். வெப்பம் ஏறினால் துடிப்பு விரைவுபடும் என்பதால் நாள்தோறும் காலை ஏழு மணிக்கே எண்ணினேன். ஆகவே இதை வெயிலின் கணக்கில் எழுத வழியில்லை.

பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு, தள்ளுவண்டியில் காசு கொடுத்து வாங்கிய நல்ல தண்ணீரை ஊற்றினேன். அதற்கு வீட்டில் கிடைத்த பேச்சை இங்கே எழுத வேண்டாம். மூன்றாம் நாள் காலையில் எண்ணியபோது இடைவெளி பதின்மூன்று வினாடி. இப்போதெல்லாம் வற்றியதை நிரப்புவதோடு நிறுத்துவதில்லை. வாரம் ஒருமுறை இரண்டு செம்பு பழைய தண்ணீரை எடுத்துவிட்டே புதியதை ஊற்றுகிறேன்.