ரொமானே-கோந்தியின் அக்கம்பக்கத்தார்

டிசம்பர் விடுமுறைக்குப் பிரான்சிலிருந்து புதுச்சேரிக்கு வரும் உறவினர்கள் பெட்டியிலிருந்து ஒயின் பாட்டிலை எடுத்து வைக்கும்போது, "இது ரொமானே-கோந்திக்குப் பக்கத்து நிலம், தெரியுமா?" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை. புகழ்பெற்ற அந்தத் திராட்சைத் தோட்டத்துக்கு எந்தப் பக்கம், மேட்டுப் பக்கமா பள்ளத்துப் பக்கமா என்று நான் திருப்பிக் கேட்பது வழக்கம். விவரம் அறிந்தவராக இருந்தால் அதன்பிறகு இரவுச் சாப்பாடு ஆறிப்போகும் வரை பேச்சு நீளும். அறியாதவராக இருந்தால் அந்தப் "பக்கத்து நிலம்" கடைக்காரர் சொல்லிக்கொடுத்த பாடம் என்று புரிந்துவிடும்.

பிரான்சின் பூர்கோஞ் வட்டாரத்தில் வோன்-ரொமானே என்னும் சிற்றூரின் சரிவில் இருக்கிறது ரொமானே-கோந்தி. பரப்பு 1.81 ஹெக்டேர், கடலூர்ப் பக்கத்துக் கணக்கில் மூன்றரைக் காணிக்கும் குறைவு. 1760-இல் கோந்தி இளவரசர் விலைக்கு வாங்கியதால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. வடக்கே ரீஷ்பூர், கிழக்கே கீழ்ச்சரிவில் ரொமானே-சேன்-விவான், மேற்கே மேட்டில் லா ரொமானே, தெற்கே லா கிராந்த் ரூ என நான்கு எல்லைகளும் இன்று "கிராண்ட் க்ரூ" எனப்படும் உச்சத் தரத்து நிலங்களே. ஒரு படி கீழான "ப்ரிமியே க்ரூ" நிலங்கள் அவற்றுக்கும் அப்பால் தொடங்குகின்றன. லா ரொமானேயின் தலைமாட்டில் ஓ ரெஞ்ஞோ, ரீஷ்பூருக்கு மேலே க்ரோ பராந்தூ, லா கிராந்த் ரூவை அடுத்த கிராண்ட் க்ரூவான லா தாஷின் தெற்கு எல்லையில் ஓ மல்கோன்சோர் ஆகியவை அவற்றுள் பெயர்பெற்றவை.

இந்தப் படிநிலைக்கு மண் சார்ந்த காரணம் உண்டு என்பதை மறுக்க முடியாது. நடுச்சரிவில் சுண்ணாம்புப் பாறையின் மேல் களிமண் அளவாகப் படிந்திருப்பதால் தண்ணீர் தேங்குவதும் இல்லை, வேர் காய்ந்துபோவதும் இல்லை. மேலே ஏற ஏற மண் மெலிந்து பாறை தலைகாட்டும், காற்றும் குளிரும் கூடும், பழம் முற்றத் தாமதமாகும். கீழே இறங்கினால் மண் ஆழமாகி, கொடி கொழுத்து, பழத்தின் சாரம் நீர்த்துவிடும்.

ஆனால் எல்லாவற்றையும் மண்ணின் மேல் போட்டுவிட்டால் லா கிராந்த் ரூவுக்கு விளக்கம் கிடைக்காது. ஒரு பக்கம் ரொமானே-கோந்தி, மறுபக்கம் லா தாஷ் என இரண்டு பெரும் பெயர்களுக்கு நடுவே நாடாப்போல ஏறிச் செல்லும் 1.65 ஹெக்டேர் நிலம் அது. 1930-களில் தரம் பிரிக்கும் வேலை நடந்தபோது, அதன் உரிமையாளர்களான லமார்ஷ் குடும்பத்தார் உச்சத் தரத்துக்கு விண்ணப்பிக்கவே இல்லை. வரி கூடிவிடும் என்று ஒதுங்கிக்கொண்டதாகச் சொல்லப்படுகிறது. அரை நூற்றாண்டுக்கு மேல் ப்ரிமியே க்ரூவாகவே கிடந்த அந்த நிலம் 1992-இல்தான் கிராண்ட் க்ரூ ஆனது. இடைப்பட்ட காலத்தில் அங்கே மண்ணும் மாறவில்லை, சரிவும் மாறவில்லை.

லா தாஷின் கதை இதற்கு நேர்மாறானது. ஒன்றரை ஹெக்டேருக்கும் குறைவாக இருந்த அந்தத் தோட்டம், அக்கம்பக்கத்திலிருந்த லெ கோதிஷோ நிலத்தின் பெரும்பகுதியைத் தன் பெயரில் சேர்த்துக்கொள்ளும் உரிமையை 1930-களில் பெற்று, ஆறு ஹெக்டேருக்குச் சற்று மேல் விரிந்துவிட்டது. லெ கோதிஷோவில் பிறர் கையில் இருந்த துண்டுகளோ இன்னும் பழைய பெயரோடு ப்ரிமியே க்ரூவாகத்தான் இருக்கின்றன. பண்ருட்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் காய்க்கும் பலாவெல்லாம் சந்தைக்கு வந்தால் பண்ருட்டிப் பலாவாகவே விலைபோவதைப் பார்த்துப் பழகிய நமக்கு, வரப்பைத் தாண்டியதும் பெயரும் விலையும் அறுந்துபோகிற இந்தக் கறார் விசித்திரமாகவே தோன்றும்.

க்ரோ பராந்தூவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு ஹெக்டேர்தான் பரப்பு. திராட்சைக் கொடிகளைப் பூச்சி அழித்த பிறகு கேட்பாரற்றுக் கிடந்த அந்த நிலத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பசிக்காகக் கிழங்கு பயிரிட்டிருந்தார்கள். போர் முடிந்தபின் ஆன்ரி ஜாயே என்ற உழவர் அதைத் துண்டு துண்டாகச் சேர்த்து, பாறை இடம் கொடுக்காத இடங்களில் வெடிவைத்துப் பிளந்து, கொடி நட்டார். 1978 அறுவடையிலிருந்து அந்த ஒயின் தனிப் பெயரோடு விற்பனைக்கு வந்தது. அவர் 2006-இல் காலமானார். அவர் கைப்பட்ட க்ரோ பராந்தூ பாட்டில்கள் ஏலத்தில் பல கிராண்ட் க்ரூக்களை விடக் கூடுதல் விலைக்குப் போகின்றன. தரவரிசையில் அது இன்றும் ப்ரிமியே க்ரூதான். அதை உயர்த்தச் சொல்லி வாங்குவோர் யாரும் காத்திருக்கவில்லை.

வாங்குபவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் லேபிளில்தான். வோன் என்றிருந்த ஊர் 1866-இல் தன் புகழ்பெற்ற நிலத்தின் பெயரையும் இணைத்துக்கொண்டு வோன்-ரொமானே ஆயிற்று. அதனால் கீழே சமதரையில் விளைந்த, ப்ரிமியே க்ரூவுக்கும் ஒரு படி கீழான ஊர்த்தர ஒயினின் லேபிளிலும் "ரொமானே" என்ற சொல் பெரிய எழுத்தில் மின்னும். சென்ற ஆண்டு என் சித்தப்பா கொண்டுவந்த பாட்டிலும் அத்தகையதே: நடுவே தடித்த எழுத்தில் ஊர்ப் பெயர், அதன் கீழே கண்ணாடி போட்டால்தான் தெரிகிற பொடி எழுத்தில் நிலத்தின் பெயர், ப்ரிமியே க்ரூ என்ற குறிப்பு எங்கும் இல்லை. கிராண்ட் க்ரூ லேபிளில் ஊர்ப் பெயர் முன்னிற்காது, நிலத்தின் பெயரே முன்னிற்கும். விதிவிலக்காக, ரொமானே-கோந்தி நிறுவனமே 1999-இல் தன் கிராண்ட் க்ரூ நிலங்களின் பழத்தில் ஒரு பகுதியைத் தரமிறக்கி, வோன்-ரொமானே ப்ரிமியே க்ரூ என்ற பெயரில் வெளியிட்டது.

மேட்டு நிலங்களுக்குக் காலமும் இப்போது சாதகமாகத் திரும்பியிருக்கிறது. அருகிலுள்ள போன் நகரத்து அறுவடைப் பதிவுகளின்படி, 1988-க்குப் பின் அறுவடை அதற்கு முந்தைய நூற்றாண்டுகளின் சராசரியை விட ஏறக்குறைய 13 நாள் முன்னதாகவே தொடங்குகிறது. குளிரால் பழம் முற்றவில்லை என்று பின்தள்ளப்பட்ட ஓ ரெஞ்ஞோ போன்ற செங்குத்தான நிலங்களுக்கு அந்தக் குறை வெகுவாகக் குறைந்துவிட்டது. என் பார்வையில், வெப்பமான ஆண்டுகளில் கீழ்ச்சரிவின் பெரிய பெயர்களை விட மேட்டு ப்ரிமியே க்ரூக்களை நம்பலாம்.

மலிவாகக் கிடைக்கும் என்று மட்டும் யாரும் எண்ண வேண்டாம்; இந்த அண்டை நிலங்களின் விலை எப்போதோ சாமானியர் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. எனக்கு ஒரே ஒரு பாட்டில் வாய்க்குமென்றால் ஓ மல்கோன்சோரைத்தான் கேட்பேன். அந்த நிலத்தின் ஒரு துண்டு லா தாஷுக்குள் மூக்கை நுழைத்தாற்போல் நீண்டிருக்கிறது. அதை உழுகிற மோன்தீய் குடும்பத்தார் அந்தத் துண்டின் ஒயினை மற்றதோடு கலக்காமல், 2005 அறுவடை முதல் கிறிஸ்தியான் என்ற பெயரில் தனியாக அடைத்து விற்கிறார்கள்.