ஒரே வாய்பாடு, எத்தனை மூலக்கூறு? மாடல் செட்டில் கட்டிப் பார்த்தேன்

மாற்றியங்களை, அதாவது ஒரே வாய்பாடு இருந்தும் அமைப்பு வேறான மூலக்கூறுகளை, தாளில் வரைந்து படிப்பது வழக்கம்தான். இந்த முறை மூலக்கூறு மாடல் செட்டை எடுத்துவைத்து, ஒரு வாய்பாட்டை மிச்சமில்லாமல் கட்டிவிடுவது என்று உட்கார்ந்தேன். எடுத்துக்கொண்டது 4 கார்பன், 10 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன்.

ஆக்சிஜனை ஓரமாக வைத்துவிட்டு கார்பன் சங்கிலியை முதலில் முடிவுசெய்வதுதான் வசதி. நேர்ச்சங்கிலி ஒன்று, கிளைச்சங்கிலி ஒன்று. ஒவ்வொன்றிலும் ஹைட்ராக்சில் (OH) தொகுதிக்கு இரண்டு இடம். ஆக 4 ஆல்கஹால். சங்கிலி மாற்றியம், இட மாற்றியம் இரண்டும் இதிலேயே வந்துவிட்டன. ஆக்சிஜனை இரு கார்பன்களுக்கு நடுவே செருகினால் ஈதர், அதாவது வினைத்தொகுதி மாற்றியம். அதில் 3. மொத்தம் 7. பியூட்டன்-1-ஆல் சுமார் 118 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. டைஎத்தில் ஈதர் 35 டிகிரியிலேயே. ஈதரில் ஆக்சிஜனோடு ஒட்டிய ஹைட்ரஜன் இல்லை, அதனால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துவைக்க முடிவதில்லை. அதே பந்துகள்தான், கோத்த விதம்தான் வேறு.

7 என்று நோட்டில் எழுதியபிறகுதான் விஷயமே சூடுபிடித்தது. பியூட்டன்-2-ஆலின் இரண்டாம் கார்பனில் ஹைட்ரஜன், ஹைட்ராக்சில், மெத்தில் (ஒரு கார்பன்), எத்தில் (இரு கார்பன்) என ஒட்டியிருக்கும் நான்கும் வெவ்வேறு. கண்ணாடி முன் பிடித்து, உள்ளே தெரிந்ததை அப்படியே இன்னொரு மாடலாகக் கட்டினேன். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தினேன். ஆக்சிஜனின் சிவப்புப் பந்து சிவப்பின்மேல், மெத்தில் மெத்தில்மேல் சரியாக உட்கார்ந்தன. ஆனால் ஒன்றின் ஹைட்ரஜன் இருக்கும் இடத்தில் மற்றதன் எத்தில் நிற்கிறது. எத்திலைச் சேர்த்தால் வேறு இரண்டு விலகுகின்றன. எப்படித் திருப்பினாலும் இதே கதைதான். ஆக 8. இந்த ஒளிசுழற்சி மாற்றியத்தை, அதாவது ஆடி பிம்பத்தோடு பொருந்தாத வகையை, எந்தப் படமும் எனக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை.

அடுத்து வடிவ மாற்றியம், அதாவது தொகுதிகள் இரட்டைப் பிணைப்பின் ஒரே பக்கமா, எதிரெதிர்ப் பக்கமா என்பதில் வரும் வேறுபாடு. அதற்கு மலியிக் அமிலமும் பியூமரிக் அமிலமும். இரட்டைப் பிணைப்புக்காக வளையும் இணைப்பான்கள் இரண்டைப் போட்டதும் நடுப்பிணைப்பு சுழல மறுக்கிறது. மலியிக்கில் இரு கார்பாக்சில் (COOH) தொகுதிகளும் ஒரே பக்கம், ஏறக்குறைய முட்டிக்கொள்ளும் நெருக்கத்தில். சூடாக்கினால் அது எளிதாக நீரை இழந்து நீரிலியாவதன் காரணம் கையிலேயே தெரிகிறது.

கடைசியாக டார்டாரிக் அமிலம். 1848-இல் விஞ்ஞானி லூயி பாஸ்டர் இதன் உப்புப் படிகங்களைக் கையால் வலம், இடம் எனப் பிரித்தெடுத்தது எனக்கு மிகவும் பிடித்த வேதியியல் சம்பவம். சீர்மையற்ற கார்பன் (நான்கு வெவ்வேறு தொகுதிகள் ஒட்டியது) இரண்டு இருப்பதால் 4 வடிவம் வரும் என்று தோன்றும். 3 தான் வருகிறது: ஆடி பிம்ப ஜோடி ஒன்று, தன் ஆடி பிம்பத்தோடு தானே பொருந்திவிடும் மீசோ வடிவம் ஒன்று. மீசோ வடிவத்தின் நடுப்பிணைப்பை மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தால், ஒரு நிலையில் மேல்பாதி கீழ்ப்பாதியின் ஆடி பிம்பமாகவே நிற்கும். அந்த இடத்தில் நிறுத்திப் பார்ப்பதில் எனக்கு இன்னும் அலுப்புத் தட்டவில்லை.

அடுத்து ஒரு கார்பன் கூட்டி, 5 கார்பன், 12 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன். தாளில் போட்டுப் பார்த்தாயிற்று: 8 ஆல்கஹால், 6 ஈதர். இவற்றில் 3 ஆல்கஹாலுக்கும் 1 ஈதருக்கும் ஆடி பிம்ப ஜோடி உண்டு. ஆக, கட்ட வேண்டியவை 18.