பறித்தவர்கள் எழுதிய பதிவேடுகள்

ஆஸ்திரேலியாவின் வட பிராந்தியத்தில், பூர்வகுடி மக்களின் நில உரிமை வழக்குகளுக்கு ஆவணம் திரட்டுவது என் பணி. என் மேசைக்கு வரும் தாள்களில் பெரும்பாலானவை, அம்மக்களை நிலத்திலிருந்து அகற்றியவர்களோ அதற்குத் துணைநின்றவர்களோ எழுதியவை: காவலர்களின் நாட்குறிப்புகள், கால்நடைப் பண்ணைகளின் கணக்கேடுகள், மிஷன்களின் ஞானஸ்நானப் பதிவுகள். ஒருவருடைய பாட்டனார் எந்த நீர்நிலையருகே எந்த ஆண்டில் காணப்பட்டார் என்பதை இவற்றிலிருந்து துருவியெடுத்து வழக்கறிஞரிடமும் மானுடவியலாளரிடமும் ஒப்படைக்க வேண்டும்.

நான் அடிக்கடி புரட்டுவது 1957இல் அரசிதழில் வெளியான ஒரு பட்டியலை. நலச் சட்டம் என்ற பெயரோடு 1953இல் இயற்றப்பட்ட சட்டம், வளர்ந்த பூர்வகுடி மனிதர்களைப் பாதுகாவலரின் பொறுப்பிலுள்ள சிறுவர்களின் நிலைக்குத் தள்ளியது. எங்கே வசிப்பது, யாரை மணப்பது என்பதையெல்லாம் அதிகாரி தீர்மானிக்கலாம். அச்சட்டத்தின்கீழ் தொகுக்கப்பட்ட பட்டியலில் 15,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் உள்ளன. பூர்வகுடி ஓவியர் ஆல்பர்ட் நமட்ஜிரா அதிலிருந்து விலக்குப் பெற்றார். பட்டியலில் இருந்த ஒருவருக்கு மது கிடைக்கச் செய்ததாக 1958இல் தண்டனையும் பெற்றார். ஆட்களைக் கட்டுக்குள் வைக்கத் தொகுத்த அந்த ஏடுதான் இன்று பேரப்பிள்ளைகள் தங்கள் வம்சாவளியை நிறுவக் கைகொடுக்கிறது. இறந்தவரின் பெயரை உச்சரிப்பதைத் தவிர்க்கும் குடும்பங்கள் இங்கே பல. ஆகவே முதியவர்களுடன் அமரும்போது நான் வாய்விட்டுப் படிப்பதில்லை, வரியை விரலால் காட்டுவதோடு சரி.

இந்தச் சான்று தேடும் படலத்தின் தொடக்கம் வட பிராந்தியத்தின் வடகிழக்கு முனையிலுள்ள கோவ் தீபகற்பத்தில் இருக்கிறது. பாக்சைட் சுரங்கத்துக்காகத் தங்கள் நிலம் ஒதுக்கப்பட்டதை எதிர்த்து, அங்கு வாழும் யோல்ங்கு மக்கள் 1963இல் மரப்பட்டையில் ஓவியம் தீட்டி, நடுவே தட்டச்சு செய்த மனுவை ஒட்டி நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். பிறகு நீதிமன்றம் சென்றார்கள். 1971இல் தீர்ப்பளித்த நீதிபதி பிளாக்பர்ன், அவர்களிடம் நுட்பமான சட்ட ஒழுங்கு இருப்பதை ஏற்றுக்கொண்டே, நிலத்தோடு அவர்களுக்குள்ள உறவு சொத்துரிமை ஆகாது என்றார். அந்தத் தோல்வியே அரசியல் மாற்றத்துக்கு வித்திட்டது. அவ்வழக்கில் அம்மக்களுக்காக வாதாடிய எட்வர்ட் உட்வர்டை 1973இல் விட்லம் அரசு விசாரணை ஆணையராக நியமித்தது. அவருடைய அறிக்கையை ஒட்டி, பிரேசர் ஆட்சியில் 1976ஆம் ஆண்டு நில உரிமைச் சட்டம் நிறைவேறியது. வட பிராந்திய நிலத்தில் ஏறத்தாழப் பாதி இன்று பூர்வகுடிகளின் பெயரில் இருப்பது இச்சட்டத்தால்தான். விசாரணை ஆணையர்கள் கோரப்பட்ட இடங்களுக்கே சென்று, மரநிழலில் அமர்ந்து, பாடலையும் ஆடலையும் சான்றாக ஏற்றார்கள். எனக்கு இச்சட்டத்தின்மேல் மதிப்பு அதிகம்.

பூர்வகுடிகளின் மரபுவழி நில உரிமையை முதன்முதலில் ஏற்ற மாபோ தீர்ப்பை அடுத்து வந்த 1993ஆம் ஆண்டு பூர்வீக உரிமைச் சட்டத்தைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பிரிட்டிஷ் இறையாண்மை நிறுவப்பட்ட நாள் தொட்டு மரபு அறுபடாமல் தொடர்ந்தது என்று, அதை அறுக்க முயன்ற அரசிடமே நிறுவிக் காட்ட வேண்டும். தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் யோர்ட்டா யோர்ட்டா மக்களின் வழக்கில் 1998இல் தீர்ப்பளித்த நீதிபதி, முதியோரின் வாய்மொழியைவிட, அந்நிலத்தில் ஆடு மேய்க்க வந்து குடியேறிய எட்வர்ட் கர் எழுதிவைத்ததற்கே கூடுதல் எடை தந்தார். நிலம் கேட்டு முன்னோர் 1881இல் கொடுத்த மனுவும், மரபு அறுந்துபோனதற்கான சான்றாக, அவர்களுக்கு எதிராகவே திரும்பியது. எழுதப்பட்ட தாளுக்கு இவ்வளவு அதிகாரம் இருப்பது, தாள்களோடு வாழும் எனக்கே உறுத்துகிறது.

நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் குரலாக ஓர் அமைப்பைக் கேட்டது 2017ஆம் ஆண்டின் உலுரு பிரகடனம். 2023 அக்டோபர் 14 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் ஏறத்தாழ 60 சதவீதத்தினர் அதை நிராகரித்தார்கள். ஆறு மாநிலங்களும் மறுத்தன. ஆக, அம்மக்களுக்கு எஞ்சிய முதன்மையான வழிகளில் ஒன்று மறுபடியும் நீதிமன்றம்தான்.

அங்கே 2025 மார்ச்சில் ஒரு திருப்பம் நேர்ந்தது. அதே கோவ் தீபகற்பத்தின் குமாட்ஜ் குலத்தாருக்காக, அவர்களின் தலைவராயிருந்து காலஞ்சென்ற யூனுப்பிங்கு தொடுத்திருந்த வழக்கில், வட பிராந்தியத்தில் மத்திய அரசு பூர்வீக உரிமையை அழித்திருந்தால் அதற்கு நியாயமான ஈடு தரவேண்டியிருக்கும் என்று நாட்டின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதுவரை இழப்பீட்டுக்கான கணக்கு, இனப்பாகுபாட்டுத் தடைச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1975இலிருந்தே தொடங்கியது. இனி மத்திய ஆட்சி ஏற்பட்ட 1911ஆம் ஆண்டு வரை பின்னோக்கிச் சென்று, குத்தகைப் பத்திரங்களையும் சுரங்க அனுமதிகளையும் ஒவ்வொன்றாகத் தேட வேண்டியிருக்கிறது.