அடுப்பை யார் மூட்டுவார்கள்?

மங்கோலியாவில் எங்கள் இரண்டாம் நாள். இரவு இரண்டு மணிக்கு அக்கா என்னை எழுப்பினாள். "தம்பி, கால் விறைச்சுப் போச்சுடா." தடவிப் பார்த்தேன், அடுப்பு சில்லிட்டுக் கிடந்தது. படுக்கும்போது அதே கெருக்குள், அதாவது மங்கோலியரின் வட்டக் கம்பளிக் கூடாரத்துக்குள், வியர்த்துக் கொட்டியது. மெல்லிய தகர அடுப்பு, ஒரு கூடை விறகை ஒரு மணி நேரத்தில் தின்றுவிட்டு அணைந்திருந்தது. யாரையாவது எழுப்பிக் கேட்கலாம் என்று வெளியே போனால் ஆள் நடமாட்டமே இல்லை. செப்டம்பர் முதல் வாரம்தான், ஆனால் புல்வெளியில் உறைபனி வெளுத்திருந்தது. என் போர்வையையும் அவள்மேல் போட்டுவிட்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

படங்களைப் பார்த்து முன்பதிவு செய்த சுற்றுலா முகாம் அது. வெந்நீர் வந்தது, உணவகம் இருந்தது, கட்டில்கள் அழகாக இருந்தன. நான் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

மறுநாள் கர்கோரினில் அக்கா பொறுப்பை எடுத்துக்கொண்டாள். தலைநகர் உலான்பாதாரிலிருந்து மேற்கே ஏறக்குறைய 360 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சிற்றூர். செங்கிஸ்கானின் மகன் ஒகெதெய் 1235இல் மதில் எழுப்பிய காரகோரம் நகரம் இருந்த இடம். அந்த இடிபாட்டுக் கற்களை எடுத்துத்தான் பின்னாளில் எர்தேன் சூ மடாலயத்தைக் கட்டினார்கள். 108 ஸ்தூபிகள் நிற்கும் அதன் வெள்ளைச் சுவருக்கு நடந்துபோகும் தூரத்தில் நிறைய குடும்ப விடுதிகள் இருக்கின்றன. பலகை வேலி போட்ட முற்றம், அதற்குள் வீட்டுக்காரர்களின் வீடு, பக்கத்தில் விருந்தினருக்கு மூன்று நான்கு கெர்.

மூன்று இடங்களில் ஏறி இறங்கினோம். நான் வைஃபை பற்றிக் கேட்க வாயெடுக்கும்போதே அக்கா, "காலைல அடுப்பை யாரு மூட்டுவாங்கன்னு கேளுடா" என்பாள். போனில் மொழிபெயர்த்துக் காட்டினேன். முதல் இரண்டு இடங்களில் விறகுக் கூடையைக் காட்டினார்கள். மூன்றாவது இடத்து அம்மா தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி ஐந்து விரலை விரித்தார். ஐந்து மணிக்கு நானே வருவேன் என்று பொருள். அங்கேயே பையை இறக்கினோம்.

இன்னொரு காரணமும் உண்டு. அக்காவுக்கு முழங்கால் வலி. நாட்டுப்புறத்தில் கழிப்பறை என்றால் பெரும்பாலும் ஆழக் குழிமேல் இரண்டு பலகைதான். குந்தி எழ முடியாதவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் இதை வெட்கப்படாமல் முதலிலேயே கேட்டுவிடுங்கள். இந்த வீட்டுக்குள் உட்காரும் கழிப்பறை இருந்தது. அதனால் கர்கோரினில் மூன்று இரவு, ஓர்கோன் அருவிப் பக்கம் மேய்ப்பர் குடும்பத்தோடு ஒரே ஒரு இரவு என்று பிரித்துக்கொண்டோம். அந்த ஒரு இரவுக்கு ஒரு காலி பக்கெட்டும் மடக்கு நாற்காலியும் போதுமாக இருந்தன. பணத்தைக் கர்கோரினிலேயே ஏடிஎம்மில் எடுத்து வைத்துக்கொண்டோம்.

அருவிக்குப் போகும் நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாதையில் ரஷ்ய வேன் எரிமலைக் கற்கள்மேல் தவழ்ந்து போனது. எங்கே தங்குவது என்று ஓட்டுநரிடமே விட்டுவிட்டோம். அவர் நெருங்கும்போதே "நொஹோய் ஹோர்!" என்று கத்தினார். நாயைப் பிடியுங்கள் என்பது சொல்லின் பொருள். வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறது என்று சொல்லும் முறையும் அதுதான். கெரின் வாசல் தெற்கே பார்க்கும். நிலைப்படியை மிதிக்காமல் தாண்டி இடப்பக்கமாகப் போக வேண்டும். நடுவிலுள்ள இரண்டு தூண்களுக்கு இடையே புகுந்து நடக்கக் கூடாது. நம் வீட்டிலும் வாசற்படியில் நிற்கக் கூடாது என்பார்கள், அக்காவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இங்கே அடுப்பில் விறகோடு அர்கலும் போட்டார்கள். மாடும் யாக்கும் போட்ட சாணம் வெயிலில் தானே காய்ந்ததைப் புல்வெளியில் கூடை கூடையாகப் பொறுக்கி வைத்திருக்கிறார்கள். முதல் புகை எழுந்ததும் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அம்மா வறட்டி அடுப்பு வாசனைடா." எங்கள் அம்மா போய் ஒன்பது வருடம் ஆகிறது.

அசைவம் சாப்பிடாதவர்களுக்கு அந்தப் பக்கம் சிரமம்தான். எங்களுக்கு ரொட்டியும் அதன்மேல் கட்டியாகத் தடவிய யாக் பாலேடும் கிடைத்தன. உப்புப் போட்ட பால் தேநீர் வந்துகொண்டே இருந்தது. வலக்கையில் வாங்கி, இடக்கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டால் அவர்கள் முகம் மலர்ந்துவிடுகிறது.

விடியற்காலை கதவு திறக்கும் சத்தம் கேட்டது. வீட்டுக்கார அம்மா ஓசைப்படாமல் வந்து அடுப்பின்முன் உட்கார்ந்தார். கூரை வளையத்தின் வழியே இன்னும் நட்சத்திரம் தெரிந்தது. நான் போர்வைக்குள்ளேயே இருந்தேன். அக்கா மெதுவாக எழுந்துபோய், சின்ன முக்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கூடையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தாள்.