15 வினாடிக்கு ஓர் ஆள்: ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 பழகும் குறிப்பு

ஆடியில் பழக ஆரம்பித்தது, தை பிறந்துவிட்டது. இன்றைய நிலவரம் இதுதான்: ஊர் கட்டிப் படை சேர்த்து மோதும் கம்ப்யூட்டர் விளையாட்டான ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ல் கம்ப்யூட்டரை எதிர்த்து மாடரேட் லெவலில் பாதித் தூக்கத்தில் உட்கார்ந்தாலும் ஜெயித்துவிடுகிறேன். அதற்கு ஒரே ஒரு படி மேலே இருக்கும் ஹார்டு லெவலில், வழக்கமான வேகத்தில், இன்னும் செம அடி. ஈஸியஸ்ட், ஸ்டாண்டர்டு, மாடரேட், ஹார்டு, ஹார்டஸ்ட், எக்ஸ்ட்ரீம் என்று ஆறு படி வைத்திருக்கிறார்கள். முதல் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நான்காவதில் கால் வைக்கவே முடியவில்லை. மூன்றரை என்று ஒன்று வைத்திருந்தால் என்னைப் போன்றவர்கள் அங்கேயே குடியிருந்திருப்போம்.

பாபநாசம் பக்கம் உரக்கடை வைத்திருக்கிறேன். ராத்திரி எட்டரைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு, கணக்கு போட வாங்கிய லேப்டாப்பில்தான் விளையாட்டு. இந்த கேம் எனக்குப் புதிதில்லை. என்செம்பிள் ஸ்டுடியோஸ் உருவாக்கி 1999-ல் வெளிவந்த பழைய பதிப்பை, கும்பகோணத்தில் ஒரு பிரௌசிங் சென்டரில் மணிக்குக் காசு கொடுத்து ஆடியிருக்கிறேன். அப்போது ஜெயிப்பது தோற்பது பற்றியெல்லாம் யாருக்கும் கவலை இல்லை. யானைப் படையைச் சேர்த்து மோதவிட்டு வேடிக்கை பார்த்தாலே காசு செரித்த மாதிரி.

திரும்ப இழுத்துப் போட்டது அக்கா மகன். தஞ்சாவூரில் இன்ஜினியரிங் படிக்கிறான். 2019-ல் டெஃபினிட்டிவ் எடிஷன் என்று புதுப்பித்து விட்டார்கள், 2022-ல் டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா என்ற இணைப்பில் திராவிடர்கள் என்று ஒரு தரப்பைச் சேர்த்திருக்கிறார்கள், "ராஜேந்திர சோழனோட படையெடுப்பே இருக்கு மாமா" என்றான். போதாதா? இங்கிருந்து கும்பகோணம் போய், அணைக்கரைப் பாலம் தாண்டினால் கங்கைகொண்ட சோழபுரம். அந்த ஊரைக் கட்டியவனை மவுஸ் வைத்து நடத்தலாம் என்றால் விடுவேனா. உருமி என்ற சுருள்வாளைச் சுழற்றும் வீரர்கள் உண்டு, திரிசடை என்று ஒரு போர்க்கப்பல் உண்டு. ஆளைத் தொட்டால் தமிழில் பதில் சொல்கிறான். முதல் நாள் ராத்திரி அதற்காகவே சும்மா சும்மா தொட்டுக்கொண்டிருந்தேன்.

ராஜேந்திரன் படலத்தை ஸ்டாண்டர்டு லெவலில் ஆவணி முடிவதற்குள் முடித்துவிட்டேன். அந்தத் தெம்பில் ஹார்டு லெவல் கம்ப்யூட்டரோடு தனி ஆட்டம் போட்டபோதுதான் எரிச்சல் தொடங்கியது. கதைப் படலம் ஒரு பழக்கத்தைச் சொல்லிக் கொடுக்கிறது, தனி ஆட்டம் அதையே தண்டிக்கிறது. படலத்தில் எதிரி பெரும்பாலும் தன் கோட்டையில் காத்திருப்பான். நாம் சுற்றிலும் மதில் எழுப்பி, பொன்னும் கல்லும் குவித்து, பெரிய படை சேர்த்துக்கொண்டு சாவகாசமாகக் கிளம்பலாம். 1025-ல் ஸ்ரீவிஜயத்துக்குக் கப்பல் அனுப்பியவனும் அவசரப்பட்டிருக்க மாட்டான் என்றுதான் நினைத்துக்கொள்வேன். தனி ஆட்டத்தில், நான் மதிலுக்குக் கல் வெட்டிக்கொண்டிருக்கும்போதே எதிரி உள்ளே வந்து விறகு வெட்டும் ஆட்களைக் குத்திக்கொண்டிருக்கிறான்.

சரி, கம்ப்யூட்டர் ஏமாற்றுகிறது என்று முடிவு கட்டினேன். பழைய 1999 பதிப்பில் உச்ச லெவலில் அது நிஜமும்கூட, கம்ப்யூட்டருக்குக் கள்ளத்தனமாக உணவும் மரமும் சேரும். புதுப் பதிப்பில் அப்படி இல்லை, அதுவும் நம்மைப் போல ஆள் வைத்து வெட்டித்தான் சேர்க்கிறது. இது தெரிந்ததும் எரிச்சல் இன்னும் கூடிவிட்டது. குற்றம் சொல்ல ஆள் இல்லாமல் போய்விட்டதே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணக்குப் பார்க்க உட்கார்ந்தேன். கடைக்காரன் புத்தி. ஆட்டம் தொடங்கும்போது வேலை செய்ய மூன்று ஆட்கள், வேவு பார்க்க ஸ்கவுட் என்ற ஒரு குதிரைக்காரன், 200 உணவு, 200 மரம், 100 பொன், 200 கல். ஊரின் நடுக் கட்டடமான டவுன் சென்டரில் ஓர் ஆளை உருவாக்க 50 உணவு, 25 வினாடி. ஆனால் ஆட்டத்தின் வழக்கமான வேகம் 1.7. அதாவது கேமின் 25 வினாடி நம் சுவர்க் கடிகாரத்தில் ஏறக்குறைய 15 வினாடி. 15 வினாடிக்கு ஒருமுறை ஓர் ஆளுக்கு உத்தரவு போக வேண்டும். ஒரு வீட்டில் ஐந்து பேர்தான் இருக்கலாம், ஆகவே ஒன்றேகால் நிமிடத்துக்கு ஒரு வீடு கட்ட வேண்டும். மறந்தால் 'வீடு போதாது' என்று டவுன் சென்டர் சும்மா நிற்கும்.

இது நடந்துகொண்டிருக்கும்போதே உணவுக்கு வைத்திருக்கும் ஆடு தீர்ந்துவிடும். காட்டுப்பன்றியை ஓர் ஆளை விட்டு அம்பெய்து சீண்டி டவுன் சென்டர் வரைக்கும் ஓட்டி வர வேண்டும், கொஞ்சம் கவனம் பிசகினால் பன்றி ஆளைக் கொன்றுவிடும். மரம் வெட்டுகிறவர்கள் நடக்கும் தூரம் கூடிக்கொண்டே போகும், பக்கத்தில் புதிதாக ஒரு மரக்கிடங்கு போட வேண்டும். ஊர் அடுத்த கட்டமான ஃப்யூடல் ஏஜ் போக 500 உணவு ஒதுக்க வேண்டும், அதற்கடுத்த காசில் ஏஜுக்கு 800 உணவும் 200 பொன்னும். வயல் ஒன்றுக்கு 60 மரம்.

வயலைப் பற்றி ஒரு வார்த்தை. மரத்தைக் கொடுத்தால் வயல் வந்துவிடுகிறது. மடை இல்லை, நாற்றங்கால் இல்லை, யூரியா இல்லை. மேட்டூரில் ஜூன் 12-ல் தண்ணீர் திறப்பார்களா என்று பேப்பரைப் பார்க்க வேண்டியதில்லை. 175 உணவு விளைந்ததும் தீர்ந்துபோகும், புதுப் பதிப்பில் மறுபடி விதைப்பதும் தானாகவே நடக்கும்படி வைத்துக்கொள்ளலாம். என் கடைக்கு வரும் பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல என்னய்யா கஷ்டம், எங்க வயல் மாதிரியா" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

அப்புறம் அவர் பாஷையிலேயே சொன்னேன். முறை வைத்துத் தண்ணீர் விடும் ராத்திரிகளில் மண்வெட்டியும் டார்ச்சுமாக அவரே எத்தனையோ முறை நின்றிருப்பார். மேல் மடையைத் திறந்துவிட்டுக் கீழ் வயலுக்கு ஓடினால், அதற்குள் நடு வரப்பில் எலி வளை வழியாகத் தண்ணீர் ஒழுகும், அதை அடைக்கக் குனிந்தால் மேல் வயல் நிரம்பி வழியும். விவசாயம் தெரியாமல் இல்லை. ஆள் ஒருத்தர், வயல் நாலு, முறை முடிய ஒரு மணி நேரம்தான். ஹார்டு லெவலும் அவ்வளவுதான். "அப்ப ஒரு ஆளைக் கூட வச்சுக்க" என்றார் பெரியவர். அந்த யோசனை பின்னால் பலித்தது, சொல்கிறேன்.

இந்த வகை விளையாட்டில் வியூகம் என்ற பெயர் இருப்பதால், யோசிக்கத் தெரிந்தவன் ஜெயிப்பான் என்று நம்பி வருகிறோம். யோசனை இரண்டாவது. முதலில் கேட்பது கவனத்தை. கண் எங்கே பார்க்கிறதோ அங்கே மட்டும்தான் நீங்கள் ராஜா, மற்ற இடமெல்லாம் அனாதை. சதுரங்கத்தில் எதிராளி நகர்த்தும்வரை பலகை அப்படியே இருக்கும், எதிரியின் காய்கள் எல்லாமே கண்ணுக்குத் தெரியும். இங்கே பாதி வரைபடம் இருட்டு, யாரும் யாருக்கும் காத்திருப்பதில்லை. சதுரங்கத்தில் உலக சாம்பியன் காஸ்பரோவை டீப் ப்ளூ என்ற கம்ப்யூட்டர் 1997-ல் தோற்கடித்துவிட்டது. கோ என்ற பலகை ஆட்டத்தில் கொரிய வீரர் லீ செடோலை ஆல்ஃபாகோ என்ற கம்ப்யூட்டர் நிரல் 2016-ல் தோற்கடித்தது. இதே இனத்தைச் சேர்ந்த ஸ்டார்கிராஃப்ட் 2-ல் ஆல்ஃபாகோவைச் செய்த டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாஸ்டார், மேல்தட்டு வீரர்களின் கிராண்ட்மாஸ்டர் நிலையை எட்டியது 2019-ல்தான். அப்போதும், மனிதர்களோடு சமமாக மோத வேண்டும் என்று, நிமிடத்துக்கு இத்தனை உத்தரவுக்கு மேல் போடக் கூடாது என அதற்கு வரம்பு கட்டித்தான் இறக்கினார்கள். நம் விரலுக்கு அப்படி யாரும் வரம்பு கட்டவில்லை, வயசுதான் கட்டியிருக்கிறது.

புரட்டாசியில் அக்கா மகன் வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஓர் ஆட்டம் முழுக்கப் பார்த்தான். "மாமா, நீங்க சண்டைய வேடிக்கை பாக்குறீங்க. பாத்தா மட்டும் ஜெயிச்சிடுவாங்களா? அந்த நேரத்துல ஹெச் அழுத்தி க்யூ அழுத்துங்க" என்றான். ஹெச் அழுத்தினால் டவுன் சென்டர், க்யூ அழுத்தினால் புது ஆள், முற்றுப்புள்ளியை அழுத்தினால் சும்மா நிற்கும் ஆள். இந்த மூன்று பொத்தானும் கைக்கு வந்ததே பெரிய முன்னேற்றம். மவுஸை இழுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பி வரும் நேரம் மிச்சம். ஸ்கவுட்டைத் தானாகச் சுற்றவிடும் பொத்தானும் இருக்கிறது. அவன் அதை ஏளனமாகப் பார்த்தான், நான் கூச்சப்படாமல் அழுத்திக்கொள்கிறேன்.

ஆட்டம் முடிந்ததும் வரும் புள்ளிவிவரப் பக்கத்தையும் அவன்தான் படிக்கச் சொன்னான். அதுவரை மதிப்பெண்ணை மட்டும் பார்த்து மூடிவிடுவேன். அதில் ஒரு கட்டத்தில், அதிகபட்சம் எத்தனை ஆட்கள் இருந்தார்கள் என்று போட்டிருக்கும். எனக்கு 41, எதிரிக்கு 78. படை வித்தியாசம் இல்லை, உருமி வீரன் சரியில்லை என்பதும் இல்லை. உற்பத்தியிலேயே பாதி ஊர் காணோம்.

ஐப்பசி முழுக்க கேமைத் தொடவில்லை. சம்பா மேலுரம் போடும் நேரம், காலை ஆறுக்கே கடை வாசலில் ஆள் நிற்கும். மழை வேறு.

கார்த்திகையில் திரும்ப வந்தபோது சண்டையையே விட்டுவிட்டேன். ஆர்ட் ஆஃப் வார் என்ற பயிற்சிப் பகுதியில் பொருளாதாரத்துக்கு மட்டும் தனிப் பாடம் இருக்கிறது, நேரத்தை வைத்து வெண்கலம், வெள்ளி, தங்கம் கொடுப்பார்கள். முதல் ஆறு பேர் ஆட்டிடம், அடுத்த நாலு பேர் மரத்துக்கு, அதற்கடுத்தவன் பன்றியைக் கூட்டி வர என்று பழகினால், ஆட்கள் 21, 22 ஆகும்போது ஃப்யூடல் ஏஜுக்கு உத்தரவு போடலாம். திராவிடர்களுக்கு ஒவ்வொரு ஏஜ் ஏறும்போதும் 200 மரம் இனாமாக வருகிறது, அதைக் கணக்கில் வைத்து மரத்துக்கு ஓர் ஆளைக் குறைத்துக்கொண்டேன். இந்த மாதிரிச் சில்லறை லாபம் பார்ப்பது எனக்குக் கைவந்த கலை.

பிறகு வேகத்தை 1.0-க்குக் குறைத்து ஹார்டு லெவலை எடுத்தேன். ஜெயித்தேன்! மறுபடி ஆடினேன், மறுபடியும் ஜெயித்தேன். அதே எதிரி, அதே விதி. எதிரி ஈட்டிக்காரனை அனுப்பினால் என்ன அனுப்புவது, எப்போது மலைமேல் கோட்டை கட்டுவது, எந்தப் பொன் சுரங்கத்தை அடைப்பது என்று யோசிக்க நேரம் இருந்தது. வியூகம் என்று பெட்டியில் எழுதியிருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. "ஸ்லோல ஜெயிச்சதெல்லாம் கணக்குல வராது மாமா" என்றான் அக்கா மகன். எந்தக் கணக்கில்? தனியாக விளையாடுகிற ஆட்டத்தில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியை அவர்களே அமைப்புப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். யோசனையின் கடினம் ஒன்று, வேகத்தின் கடினம் இன்னொன்று. இரண்டையும் ஒரே லெவல் பெயருக்குள் போட்டுக் கட்டிக் கொடுத்ததுதான் என் புகாரே. மூன்றரையாம் படியை நானே செய்துகொண்டேன், அவ்வளவுதான்.

1.5 வேகத்தில் இப்போது ஜெயிப்பதும் தோற்பதும் பாதிக்குப் பாதி. தோற்கும் ஆட்டங்கள்கூட முன்பு போல ஒரேயடியாகச் சரிவதில்லை, இரண்டு பக்கமும் அடிபட்டு இழுக்கிறது.

நடுவில் ஆசைப்பட்டு ஆன்லைன் தரவரிசை ஆட்டத்தில் இறங்கிப் பார்த்தேன். எல்லாரையும் 1000 புள்ளியில்தான் தொடங்கவிடுகிறார்கள். எந்த நாட்டுக்காரரோ தெரியாது, என் விறகு வெட்டிகளைக் கூண்டோடு காலி செய்துவிட்டு 11 என்று தட்டினார். இந்த கேமில் 11 தட்டினால் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்கும். ஹெட்போன் போட்டிருந்தேன். அந்தப் பக்கம் இப்போதைக்குப் போவதாக இல்லை.

பொங்கல் லீவில்தான் பெரியவர் சொன்ன யோசனையைச் செய்து பார்த்தோம். நானும் அக்கா மகனும் ஒரு பக்கம், ஹார்டு லெவல் கம்ப்யூட்டர் இரண்டு எதிர்ப் பக்கம், வேகம் 1.7, குறைக்கவில்லை. சண்டை மொத்தமும் அவன் பொறுப்பு. நான் மதில் போட்டுக்கொண்டு வயலும் மரமுமாகப் பார்த்துக்கொண்டு, மார்க்கெட் கட்டி அவனுக்கு அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். மார்க்கெட் வழியாக அனுப்பினால் 30 சதவீதம் கழிவு உண்டு, 100 உணவு அவனுக்குப் போய்ச் சேர என் கையிலிருந்து 130 போகும். எந்த மண்டியிலும் இப்படி ஒரு கமிஷன் கேட்டதில்லை. ஆனாலும் ஹெச், க்யூ, ஹெச், க்யூ என்று தாளம் தப்பாமல் அடித்தேன். "பொன்னு அனுப்புங்க மாமா, பொன்னு" என்று அவன் கத்த, "இருடா, அனுப்புறேன்" என்று நான் கத்த, அக்கா வந்து கரும்புத் துண்டை வைத்துவிட்டு எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள். ஜெயித்துவிட்டோம். புள்ளிவிவரப் பக்கத்தில் என் ஆட்கள் 96. கொன்ற எதிரிகள் என்ற கட்டத்தில் எனக்கு இரண்டு, அதில் ஒன்று டவுன் சென்டர் தானாக எய்த அம்பு.

அவன் தஞ்சாவூர் திரும்பிவிட்டான். சனிக்கிழமை ராத்திரி ஆன்லைனில் இதே ஏற்பாட்டில் ஹார்டஸ்ட் லெவலை எடுத்துப் பார்ப்பதாகப் பேச்சு. தனியாக 1.7-ல் ஹார்டு லெவலை முடிப்பது மாசிக்குத் தள்ளிப் போயிருக்கிறது, அதற்குள் வருஷக் கணக்கை ஆடிட்டரிடம் கொடுத்தாக வேண்டும்.