பீமில் பட்டால் அவுட்

சென்னையிலிருந்து தருமபுரிக்கு ரயிலில் போக நினைப்பவர்கள் மொரப்பூரில் இறங்க வேண்டும். தருமபுரியில் ஸ்டேஷன் இல்லாமல் இல்லை. ஆனால் அது சேலம்–பெங்களூரு பாதையில் இருக்கிறது. சென்னை வண்டிகள் ஜோலார்பேட்டை தாண்டி, மொரப்பூர் வழியாகச் சேலத்துக்கு ஓடிவிடும். பிரிட்டிஷ் காலத்தில் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு ஒரு குறுகிய பாதை இருந்தது, போர்க் காலத்தில் அதைப் பிடுங்கிவிட்டார்கள். மறுபடி எப்போது போடுவார்கள் என்று யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் நான் கொடுத்தேன். தருமபுரி பஸ் ஸ்டாண்டு வந்தும் மனிதர் முடிக்கவில்லை.

நான் போனது வாலிபால் பார்க்க. கல்லூரிகளுக்கு இடையிலான பெண்கள் போட்டி, அரையிறுதி. நண்பனுடைய அக்கா மகள் சேலத்தில் ஒரு கல்லூரிக்கு ஆடுகிறாள். பிறந்து வளர்ந்தது பாலக்கோடு பக்கம். அதனால் சொந்த மாவட்டத்திலேயே வெளியூர் டீமாக வந்து இறங்கியிருந்தாள். அவளுடைய குடும்பம் மொத்தமும் உள்ளூர்க் கல்லூரிக்கு எதிராகக் கத்த வேண்டிய நிலைமை. அதில் யாருக்கும் பெரிய சங்கடம் இருந்ததாகத் தெரியவில்லை.

காலையில் நண்பனின் அம்மா சும்மா விடவில்லை. அதியமான்கோட்டை காலபைரவரைக் கும்பிட்டுவிட்டுத்தான் வேறு எங்கேயும் போகலாம் என்றார். போனோம். அதே ஊரில் சென்றாயப் பெருமாள் கோவில் இருக்கிறது, மண்டபத்துக் கூரையில் பழைய ஓவியங்கள். பைரவருக்கு வருகிற கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை என்று தோன்றியது. நீங்கள் போனால் பாருங்கள். மதியம் களி, கீரைக் கடைசல். அதற்கு மேல் ஒரு மணி நேரம் தூங்காமல் இருப்பது கஷ்டம், ஆனால் மேட்ச் 3 மணிக்கு.

போட்டியை வெளி மைதானத்தில் நடத்துவதாகத்தான் இருந்தது. முந்தின இரவு பெய்த மழையில் செம்மண் தரை சேறாகிவிட்டதால், எல்லாவற்றையும் பழைய உள்ளரங்குக்கு மாற்றியிருந்தார்கள். எனக்கு அது அதிர்ஷ்டம். தருமபுரி தனி மாவட்டமான 1965-ஐ ஒட்டிய காலத்துக் கட்டடம் அது. சிவப்பு ஆக்சைடு தரை, பல இடங்களில் மழமழவென்று தேய்ந்திருக்கிறது. ஷட்டில் கோடு, கபடி கோடு, வாலிபால் கோடு எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக வெவ்வேறு நிறத்தில். எந்தக் கோடு நம்முடையது என்று கண் பழகவே கொஞ்ச நேரம் ஆகிறது. ஒரு கோடியில் மேடை, ஆண்டு விழாவுக்கு. ஜன்னல்களுக்குக் கம்பி வலை. மேலே கூரையைத் தாங்குகிற இரும்புச் சட்டங்கள், அதாவது டிரஸ், அதன் மேல் ஆஸ்பெஸ்டாஸ், நடுவில் புறாக்கள். ஊர்ப் பெரியவர்களுக்கு இந்தக் கட்டடம் விளையாட்டால் மட்டும் பழக்கமில்லை. பரீட்சை, ஓட்டு எண்ணிக்கை, ரத்த தான முகாம் எல்லாம் இங்கே நடந்திருக்கிறதாம்.

அந்த டிரஸ்தான் இந்தக் கதையின் வில்லன். சர்வதேச விதிப்படி ஆடுகளத்துக்கு மேலே குறைந்தது 7 மீட்டர் உயரத்துக்கு எந்தத் தடையும் இருக்கக் கூடாது. பெரிய உலகப் போட்டிகள் என்றால் 12.5 மீட்டர். இங்கே நடு இரும்புச் சட்டம் 7 மீட்டருக்குக் குறைவு என்று பார்த்தாலே தெரியும். மேட்ச் தொடங்கும் முன் நடுவர் இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டு மேலே கையைக் காட்டினார். பீமில் பட்டால் அவுட். விதிப் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. பந்து கூரையைத் தொட்டால், தொட வைத்த அணிக்கு நஷ்டம்.

இந்த ஆட்டம் பிறந்ததே கூரைக்கு அடியில்தான். 1895-இல் அமெரிக்காவின் ஹோலியோக் ஊரில், ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கூடத்தில் வில்லியம் மார்கன் என்பவர் இதை உருவாக்கினார். கூடைப்பந்தின் முட்டல் மோதல் ஒத்துவராத நடுவயது ஆண்களுக்காக, டென்னிஸ் வலையைத் தூக்கிக் கட்டி. சென்னையில் 1920-இல் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்த பி.டி. மாஸ்டர்கள் தமிழ்நாடு முழுக்கப் பள்ளி, கல்லூரிகளுக்கு வேலைக்குப் போனார்கள். அப்படிப் பரவிய ஆட்டம் எங்கேயோ ஓரிடத்தில் கூரையைக் கழற்றிப் போட்டுவிட்டது. தருமபுரி கிராமங்களில் வாலிபால் என்றால் இரண்டு கம்பம், ஆணி அடித்த நைலான் நாடா, ராத்திரியில் ஃபோகஸ் லைட், முதல் பரிசு ஆட்டுக்கிடா. தலைக்கு மேலே வானம். பந்தை எவ்வளவு உயரத்துக்கு வேண்டுமானாலும் தூக்கலாம்.

அங்கே பழகியவள்தான் நம் பெண். அதுவும் லிபரோ. வேறு நிறச் சட்டை போட்டுப் பின்வரிசையில் மட்டும் நிற்கிற ஆள். 1998-இல் வந்த ஏற்பாடு இது. பிளாக் பண்ணக் கூடாது, வலைக்கு மேலே இருக்கிற பந்தை அடிக்கக் கூடாது. எதிராளி அடிக்கிற ஸ்மாஷை எடுத்துக் கொடுப்பதுதான் வேலை. நல்ல லிபரோ பந்தை நெட்டுக்குத்தாக மேலே தூக்கிவிடுவாள், ஸ்மாஷ் அடிக்கிறவளுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற செட்டர் அடியில் வந்து நிற்க நேரம் கிடைக்கும். இத்தனை வருடம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது அதைத்தான். முதல் செட்டில் அவள் அருமையாக எடுத்த முதல் பந்து நேராகப் போய் இரும்பில் 'டங்' என்றது. புறாக்கள் பறந்தன. பாயிண்ட் எதிர் டீமுக்கு.

அடுத்ததும் அப்படியே. உள்ளூர்ப் பெண்கள் மழைக்காலம் முழுக்க இதே அரங்கில் பயிற்சி செய்கிறவர்கள். பந்து இடுப்பு உயரத்தில் வந்தால் போதும், செட்டர் குனிந்து எடுத்து வலையை ஒட்டிக் குட்டையாகக் கொடுப்பாள், நடுவில் நிற்கிறவள் அதற்குள் காற்றில் இருப்பாள். பார்க்கவே அழகு. 25–16. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, "என்னப்பா இது, கூரையே அவங்களோட சேர்ந்து ஆடுது" என்றார்.

முன்வரிசையில் ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர் ஒருவர் இருந்தார், சென்னை நந்தனத்தில் இருக்கிற அந்த ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியில் படித்தவர். 1986 சியோல் ஆசியப் போட்டியில் இந்தியா வாங்கிய வெண்கலத்தைப் பற்றி ஆரம்பித்தார். அதற்கப்புறம் ஆசியப் போட்டிகளில் வாலிபாலில் நமக்குப் பதக்கமே இல்லை என்பது அவருக்குச் சொந்த வீட்டுத் துக்கம். பிறகு பழைய ஸ்கோர் முறை. "அப்போ சர்வீஸ் நம்ம கையில இருந்தாத்தான் சார் பாயிண்ட். 15 பாயிண்ட்தான், ஆனா ஒரு செட்டே முடியாது. பசங்க வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு வந்து மீதி பார்ப்பாங்க." இப்போது ஒவ்வொரு சர்வீஸுக்கும் யாருக்காவது ஒரு பாயிண்ட் உண்டு என்பதால், பீமில் மோதுகிற ஒவ்வொரு பந்தும் உடனே பலகையில் ஏறுகிறது. பழைய முறையாக இருந்தால் அவற்றில் சில வெறும் சர்வீஸ் மாற்றத்தோடு போயிருக்கும் என்றார். எனக்கு அது தோன்றியிருக்காது.

இரண்டாம் செட்டில்தான் ஆட்டம். நம் பெண் இரண்டடி பின்னால் போய் நின்றாள். முழங்காலை இன்னும் மடக்கி, கைகளை மேலே வீசாமல் பந்தை மெத்தென்று வாங்கி முன்னால் தள்ள ஆரம்பித்தாள். பந்து தாழ்வாக வந்தது. செட்டருக்கு முதலில் பிடிபடவில்லை, இரண்டு முறை கோட்டை விட்டாள். அப்புறம் பழகிவிட்டது. "எனக்கு! எனக்கு!" என்ற கத்தல் அந்த அரங்கில் எதிரொலித்து யார் குரல் எது என்றே தெரியாமல் போனது. வெளி மைதானத்தில் கேட்கவே கேட்காத சத்தங்கள் உள்ளே கேட்கின்றன. ஷூ கிறீச்சிடுவது, உள்ளங்கை பந்தில் படுவது, கோச் பல்லைக் கடிப்பது வரைக்கும். ஒரு கட்டத்தில் எதிர் டீமின் பந்தே பீமில் பட்டது. மேடைப் பக்கம் நின்ற எங்கள் ஆட்கள் ஆடித் தீர்த்தார்கள். தெலுங்கில் ஒரு குரல், கன்னடத்தில் ஒரு குரல், நடுவில் விசில். 25–22 நமக்கு.

மூன்றாவது, கடைசி செட்டுக்கு 15 பாயிண்ட்தான். 12–14 வரை இழுத்துக்கொண்டு போனார்கள். பாயிண்ட் எடுத்துச் சர்வீஸும் நம் பக்கம் வந்தது. இவ்வளவு தூரம் கூரையோடு மல்லுக்கட்டிய பிறகு, போட்ட சர்வீஸ் வலையில் பட்டு நம் பக்கமே விழுந்தது. முடிந்தது. கூரைக்கு அதில் எந்தச் சம்பந்தமும் இல்லை.

வெளியே பஜ்ஜி சாப்பிடும்போது அவள் அழவெல்லாம் இல்லை. கோபமாக இருந்தாள். "எங்க ஊர்ல மேல எதுவுமே கிடையாது மாமா, இங்க எப்படி ஆடுறது?" என்று நண்பனைக் கேட்டாள். மிளகாய் பஜ்ஜியைத் தவிர அவனிடம் கொடுக்க எதுவும் இல்லை.

அந்த அரங்கை இடிக்க வேண்டும் என்று சிலர் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சத்தத்துக்காகவே அதை வைத்துக்கொள்ளலாம். பயிற்சிக்கு, நட்பு ஆட்டத்துக்கு, மழை நாளுக்கு. ஆனால் ஒரு வருட உழைப்பை முடிவு செய்கிற மேட்சை அதற்குள் வைப்பது நியாயமில்லை. ஒருநாள் தள்ளிவைத்திருக்கலாம். ஓய்வுபெற்ற மாஸ்டரும் அதையே சொன்னார், சொல்லிவிட்டு 1986-க்குத் திரும்பிப் போய்விட்டார்.

ராத்திரி மொரப்பூரில் ரயில் ஏறினேன். மறுநாள் வெயில் அடித்துத் தரை காய்ந்துவிட்டதால் இறுதிப் போட்டியை வெளியே ஆடினார்களாம். உள்ளூர் டீம் நேர் செட்டில் தோற்றுப்போனதை நண்பன் போனில் சொன்னபோது, பின்னால் அவன் அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டது.